முள்கம்பியும் மருந்துப் புட்டியும்

வாழ்ந்த மண்ணை இழந்து நிற்கும் குடும்பத்தைத் தேடி இரண்டு பொருட்கள் தவறாமல் வந்து சேர்கின்றன. ஒன்று கம்பிவேலி, மற்றது மருந்துப் புட்டி. "இதற்கு அப்பால் வராதே" என்கிறது வேலி. "என்னை வாங்கு, எல்லாம் சுகமாகும்" என்கிறது புட்டி. முன்னது அதிகாரத்தின் குரலில் பேசுகிறது. பின்னது அன்பின் குரலில் பேசுகிறது. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள உறவை எமது ஊவா மண்ணின் வரலாற்றை வைத்தே சிந்திக்க விரும்புகிறோம்.

முள்கம்பியை உலகிற்குத் தந்தவர்களுள் முதன்மையானவர் ஒரு விவசாயி. அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தைச் சேர்ந்த ஜோசப் கிளிடன் 1874ஆம் ஆண்டு தமது முள்கம்பிக்குக் காப்புரிமை பெற்றார். மாடு பயிரில் இறங்காமல் தடுப்பதே அதன் நோக்கம். மரமும் கல்லும் அரிதான வெளிகளில் குறைந்த செலவில் வேலி போட அது உதவிற்று. பயிரைக் காக்கும் வேலியை எவரும் குறை கூற முடியாது. ஆனால் வேலி யாருடைய கையில் இருக்கிறது என்பதே கேள்வி.

எமது மலைநாட்டில் கம்பி வருமுன்னரே காகிதம் வந்துவிட்டது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிக் கட்டளைச் சட்டம், உறுதி காட்ட முடியாத காட்டையும் தரிசையும் சேனை நிலத்தையும் முடியின் சொத்தாகக் கருதியது. தலைமுறை தலைமுறையாக மாடு மேய்த்த பத்தனையும் சேனை வெட்டிய காடும் ஒரு காகிதத்தின் வலிமையால் கோப்பித் தோட்டங்களாகவும் பின்னர் தேயிலைத் தோட்டங்களாகவும் மாறின. கிராமத்துச் சிங்கள விவசாயி தன் நிலத்திற்கு வெளியே நிறுத்தப்பட்டான். தென்னிந்தியாவில் நிலமற்றுத் தவித்த எமது முன்னோர் அதே நிலத்திற்கு உள்ளே, லயக் காம்பிராவில் அடைக்கப்பட்டார்கள். வெளியே நின்றவனுக்கும் உள்ளே இருந்தவனுக்கும் அந்த மண் சொந்தமாகவில்லை. இதை உணராமல் இவ்விரு ஏழைகளும் ஒருவரையொருவர் பகைத்துக்கொண்டது எமது வரலாற்றின் பெருந்துயரம்.

அதே காலத்தில் தபால் வழியாக மருந்தும் வரத் தொடங்கியது. பொருளைத் தபாற்கந்தோரில் பணம் கட்டி எடுக்கும் வி.பி.பி. முறை இந்தியாவில் 1877இல் ஏற்பட்டது. இலங்கையிலும் அது வழங்கிற்று. பத்திரிகைகளிலும் பஞ்சாங்கங்களிலும் விளம்பரங்கள் நிறைந்தன. இரத்தசுத்தி, தாதுபுஷ்டி, சகல நோய் நிவாரணி என்று ஒரே புட்டி நூறு நோய்களைத் தீர்ப்பதாகச் சொன்னது. வலிக்குச் சற்று இதம் தந்த தைலங்களும் அவற்றுள் இருந்தன என்பதை மறுக்கவில்லை. ஆயினும் பெரும்பாலானவை எத்தகையவை என்பதை 1909இல் பிரித்தானிய மருத்துவச் சங்கம் வெளியிட்ட ஆய்வு நூல் காட்டிற்று. பேரரசெங்கும் விற்பனையான பீச்சம் மாத்திரையில் இருந்தவை கரியபோளம், இஞ்சி, சவர்க்காரம் ஆகியவையே. 1 சிலிங் 1½ பென்ஸ் விலையுள்ள பெட்டியில் சரக்கின் பெறுமதி அரைப் பார்த்திங். அதாவது விலையில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. மீதி முழுவதும் விளம்பரத்திற்கும் இலாபத்திற்கும் கொடுத்த பணம்.

தியத்தலாவை தரும் பாடம்

பண்டாரவளையிலிருந்து சில மைல் தூரத்திலுள்ள தியத்தலாவை இன்று இராணுவ முகாம்களால் அறியப்படும் ஊர். 1900ஆம் ஆண்டு தென்னாபிரிக்கப் போரில் பிடிபட்ட போயர்களைப் பிரித்தானியர் அங்கே கொண்டுவந்து முள்கம்பி வேலிக்குள் தகரக் கொட்டில்களில் வைத்தார்கள். இலங்கைக்கு வந்தவர்கள் ஏறத்தாழ 5,000 பேர். அவர்களுட் பெரும்பாலோர் விவசாயிகள். மாட்டைத் தடுக்க உண்டான கம்பி, விவசாயியையே அடைக்கும் கம்பியாயிற்று. அந்த ஆண்டின் பிற்பகுதியில் முகாமில் நெருப்புக்காய்ச்சல் பரவிப் பலர் மாண்டனர். அவர்களுடைய கல்லறைகள் இன்றும் அங்கே இருக்கின்றன.

அவர்களது சொந்த நாட்டில் நடந்தது இதனிலும் கொடியது. ஏறத்தாழ 30,000 பண்ணை வீடுகள் எரிக்கப்பட்டன. ஏறத்தாழ 8,000 காவற்கூடங்களை முள்கம்பியால் இணைத்து நாடே கூறு போடப்பட்டது. வீடிழந்த பெண்களும் பிள்ளைகளும் முகாம்களில் அடைக்கப்பட்டு, சின்னமுத்தினாலும் வயிற்றோட்டத்தினாலும் காய்ச்சலினாலும் ஏறத்தாழ 28,000 பேர் இறந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் பிள்ளைகள். வேறாக அடைக்கப்பட்ட கறுப்பின மக்களுள் குறைந்தது 14,000 பேர் இறந்தனர். அவர்களும் நிலம் இழந்த உழைப்பாளிகளே. அவர்களை உலகம் நெடுங்காலம் எண்ணிப் பார்க்கவுமில்லை.

போயர் வீடுகளில் ஒல்லாந்து மருந்துகள் அடங்கிய தகரப்பெட்டி ஒன்று இருப்பது வழக்கம். கந்தகம், தர்பெண்டைன், ஆளிவிதை எண்ணெய் சேர்ந்த ஹார்லெம் தைலம் போன்றவை அதில் இருந்தன. முகாம் வைத்தியசாலைக்கு அஞ்சிய தாய்மார் தமக்குத் தெரிந்த அந்த மருந்துகளையே பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். அதிகாரிகளோ, பிள்ளைகள் சாவதற்குத் தாய்மாரின் அறியாமையே காரணம் என்று பழி சுமத்தினார்கள். 1901இல் அம்முகாம்களைப் பார்வையிட்ட எமிலி ஹொப்ஹவுஸ் என்ற ஆங்கிலப் பெண்மணி உண்மையை வெளிப்படுத்தினார். நல்ல தண்ணீர் இல்லை, உணவு போதாது, நெரிசல், சவர்க்காரம்கூட வழங்கப்படவில்லை. மாத்திரைக்குள் சவர்க்காரத்தை அடைத்து உலகிற்கு விற்ற பேரரசு, முகாமிலிருந்த தாய்க்குக் குளிக்கச் சவர்க்காரம் கொடுக்கவில்லை! அவரது அறிக்கையால் எழுந்த கண்டனத்தின் பின்னர் தண்ணீரும் உணவும் சுகாதாரமும் சீர்செய்யப்பட்டன. 1902இல் மரணங்கள் வெகுவாகக் குறைந்தன.

எமது தோட்டங்களிலும் இதே பாடம் கிடைத்தது. 1916இல் ரொக்பெல்லர் நிறுவனத்தின் உதவியுடன் கொழுக்கிப்புழு ஒழிப்பு வேலை இலங்கைத் தோட்டங்களில் தொடங்கியது. மருந்து கொடுத்ததும் புழு வெளியேறியது. ஆனால் மலசலகூடம் இல்லாத லயங்களில் வெறுங்காலுடன் நடந்தவர்களுக்குப் புழு மீண்டும் தொற்றியது. இது போலி மருந்தன்று, நல்ல மருந்து. அந்த நல்ல மருந்தும் மலசலகூடத்தின் வேலையைச் செய்ய முடியவில்லை.

நாம் சொல்ல வருவது இதுதான்: நிலமும் நீரும் இடமும் பறிபோவதால் வரும் நோய்க்குப் புட்டியில் மருந்து இல்லை.

இன்றைய நிலை

எம் வாசகர்களுட் சிலர் 1977, 1983 வன்செயல்களால் வடக்கே சென்று அங்கும் போரினால் பெயர்ந்தவர்கள். சிலர் உமா ஓயாச் சுரங்கத்தில் 2014இன் இறுதியில் ஏற்பட்ட நீர்க்கசிவின் பின் கிணறு வற்றி, சுவர் வெடித்து வீட்டை விட்டவர்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தையில் மண் சரிந்தபோது உறவுகளைப் புதைத்த மண்ணையே விட்டு வந்தவர்களும் உள்ளனர். அவர்களுக்கு மாகல்தெனியவில் 75 வீடுகள் 2016இல் கையளிக்கப்பட்டன. வீடு கிடைத்ததற்கு நன்றி கூறுவோம். ஆனால் தோட்டப்புறத்தில் 7 பேர்ச் நிலத்தில் வீடு பெற்ற பலருக்குக் காணி உறுதி இன்னும் கையில் இல்லை. உறுதி இல்லாதவன் தன் வேலிக்குள்ளும் விருந்தாளியே. காட்டுப்பன்றிக்குப் பயந்து வேலியில் நேரடி மின்சாரம் பாய்ச்சி, பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பலி கொடுக்கும் அவலமும் இந்நாட்டில் தொடர்கிறது. அதுவும் கம்பியின் இன்னொரு முகமே.

தபாற்கந்தோருக்குப் பதிலாகக் கைத்தொலைபேசி வந்திருக்கிறது. நீரிழிவு, சிறுநீரகம், மூட்டுவலி, பிள்ளைப்பேறின்மை எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து. பொதி வீட்டு வாசலுக்கே வரும், பணத்தை அப்போது கட்டலாம். பழைய வி.பி.பி.தான் புதிய உடுப்புப் போட்டிருக்கிறது. படித்தவர்கள் ஏமாறுவதில்லை என்று எண்ண வேண்டாம். 2020 டிசம்பரில் கொரோனாவைத் தடுக்கும் எனப்பட்ட பாணி ஒன்றுக்காகக் கேகாலையில் ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். அதைப் பகிரங்கமாக அருந்திய சுகாதார அமைச்சருக்கே அடுத்த மாதம் தொற்று ஏற்பட்டது. ஆகவே புட்டி வாங்கும் ஏழைத் தாயை நாம் குற்றம் கூற மாட்டோம். வைத்தியசாலை தூரத்தில் இருக்கும்போது, ஒருநாட் பேரை இழக்க முடியாதபோது, வாசலுக்கு வரும் பொய்யும் இரக்கமாகவே தோன்றும்.

நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தை அரசன் பறித்த வரலாற்றை நாம் அறிவோம். அங்கேயும் ஒரு பொய்க் கடிதமே முதலில் அனுப்பப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுகள் வைத்தியர்களுக்குச் சொத்தெல்லாம் செலவழித்தும் சுகம் காணாத பெண்ணை மாற்கு நற்செய்தியில் காண்கிறோம். இயேசு அவளிடம் பணம் கேட்கவில்லை. கூட்டத்தின் நடுவே அவளை நிறுத்தி, அவள் கதையைக் கேட்டு, மகளே என்று அழைத்தார். சுகம் என்பது உடலோடு முடிவதன்று; இழந்த இடத்தை மீண்டும் பெறுவதும் சுகமே.

எனவே மூன்று காரியங்களை வலியுறுத்துகிறோம். முதலாவது, மீள்குடியேற்றப்பட்ட ஒவ்வொரு குடும்பத்திற்கும் கணவன் மனைவி இருவர் பெயரிலும் காணி உறுதி வேண்டும். வீட்டுத் திறப்பு உறுதிக்கு ஈடாகாது. இரண்டாவது, குடிநீரும் மலசலகூடமும் இல்லாத இடத்தில் ஒருநாள் மருத்துவ முகாம் நடத்தி எந்த நிறுவனமும், அது திருச்சபையைச் சார்ந்ததாயினும், தன் கடமை முடிந்தது என எண்ணலாகாது. மூன்றாவது, 2015இல் ஏற்பட்ட தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை, கைத்தொலைபேசி விளம்பரங்களையும் தமிழில் படித்துக் கண்காணிக்க வேண்டும்.

மக்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. மாதர் சங்கக் கூட்டத்திலோ அன்பியக் கூட்டத்திலோ, வாங்கிய புட்டிகளை எல்லாரும் கொண்டுவந்து ஒன்றாக வையுங்கள். அவற்றில் பதிவிலக்கம் உண்டா, உள்ளே என்ன என்று எழுதியிருக்கிறதா, விற்றவரின் விலாசம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு வருடத்தில் எல்லாருமாகச் செலவழித்த தொகையைக் கூட்டிப் பாருங்கள். பின்னர் அந்தக் கணக்கையும், இன்னும் கிடைக்காத உறுதிகளின் பட்டியலையும் ஒரே கடிதத்தில் எழுதி, எல்லாரும் ஒப்பமிட்டுப் பிரதேச செயலாளரிடம் கையளியுங்கள். பதில் வரும்வரை மாதந்தோறும் திரும்பவும் போங்கள்.