படத்திற்கு ஒரு குரல்



ஓசூர்ச் சாலையும் ஆனேக்கல் சாலையும் கூடுமிடத்தில் உள்ளது நம் சந்தாபுரா. அத்திப்பள்ளி எல்லையைக் கடந்தால் தமிழகந்தான். ஆயினும் நம் பிள்ளைகள் பலருக்குச் சொந்த ஊர் என்பது கைப்பேசியில் காணும் படமாகவே இருக்கிறது. பொங்கலையும் திருவிழாவையும் படம் பிடித்து வருகிறோம். அதன்மேல் ஒரு சினிமாப் பாட்டை ஏற்றி உறவினர்க்கு அனுப்புகிறோம். திண்ணையில் அமர்ந்திருப்பவர் யார், அக்கிணற்றை வெட்டியவர் யார் என்று சொல்லும் குரல் மட்டும் அதில் இல்லை. அக்குரலைச் சேர்க்கும் வகையை இத்திங்கள் எழுதப் புகுந்தோம்.

இத்துறையில் நமக்கு ஒரு முன்னோடி உண்டு. கோட்டையூரில் பிறந்து, இரங்கூன் சென்று 'தனவணிகன்' இதழின் ஆசிரியராய் விளங்கிய ஏ. கே. செட்டியார், காந்தியடிகளைப் பற்றிய படத்துண்டுகளை நாடு நாடாகத் தேடித் திரட்டினார்; 1940ஆம் ஆண்டில் தமிழ் விளக்கவுரையுடன் அவற்றை முழுப்படமாக வெளியிட்டார். பலர் பல காலங்களில் எடுத்த துண்டுகளை ஒரே வரலாறாகக் கோத்தது அவ்விளக்கவுரையே. 1953இல் அமெரிக்காவில் அதற்கு ஆங்கில வடிவமும் உண்டாயிற்று. குரல் மாறினால், படம் யாரிடம் பேசுகிறது என்பதும் மாறுகிறது.

இனிச் செய்முறை. 'டாவின்சி ரிசால்வ்' என்னும் படத்தொகுப்பு மென்பொருளின் இலவசப் பதிப்பே போதும். முதலில் படத்தை வெட்டி ஒழுங்கு செய்து முடிக்க வேண்டும். குரல் பதிந்தபின் வெட்டினால் சொல்லும் காட்சியும் விலகிப்போம். பின்னர் 'ஃபேர்லைட்' பக்கத்தில் புதிய ஒலித்தடம் ஒன்றைச் சேர்த்து, மைக்கை அதனுடன் இணைத்து, தடத்தின் 'ஆர்' பொத்தானை அழுத்திவிட்டுப் பதிவைத் தொடங்குக. படம் ஓடும்போதே பேச்சுத் தனித்தடத்தில் பதியும். படத்தின் சொந்த ஒலி கெடாது. அதனை முற்றும் அணைக்காமல் தாழ்த்தி வைத்தால் ஊரின் காகமும் கோவில் மணியும் உடன் கேட்கும்.

பேசுவோர் ஹெட்போன் அணிவது நன்று; இன்றேல் படத்தின் ஒலி மைக்கில் மீண்டும் புகும். துணிகள் எதிரொலியை அடக்குமாதலின், படுக்கையறையே உகந்த இடம். மைக் வாய்க்கு ஒரு சாண் தொலைவில், சற்றே பக்கவாட்டில் இருக்கட்டும். ஒலிமானி சிவப்பைத் தொடலாகாது. உடைந்த ஒலியைச் செவ்வையாக்குதல் அரிது.

பெரியோரிடம் எழுதிக் கொடுத்துப் படிக்கச் சொல்லாதீர்கள். வானொலிச் செய்தி போலாகிவிடும். படத்தை ஓடவிட்டு, "இவங்க யாரு அப்பத்தா?" என்று பேரனைக் கேட்கச் செய்யுங்கள். மற்றவை தாமே வரும்.

எம் இல்லத்தில் நேர்ந்ததையும் மறைக்காமல் கூறுவோம். ஈராண்டுகளுக்கு முன் எம் அன்னையார் ஊர் வீட்டுப் படத்திற்கு நான்கு நிமிடம் பேசினார். நடுவே குக்கர் விசிலடித்தது. சாலையில் லாரியொன்று முழங்கிற்று. திருத்தமாகப் பின்னர்ப் பதியலாம் என்று அதனை அழித்துவிட்டோம். மறுநாள் அவர் ஊருக்குப் பேருந்தேறினார். மீண்டும் வரவில்லை, தை பிறக்குமுன் காலமானார். படம் இன்றும் தெளிவாக இருக்கிறது. அதில் நிற்போருள் மூவரின் பெயர் எமக்குத் தெரியவில்லை.

ஆதலின், பிழைபட்ட பதிவையும் அழிக்காதீர்கள். அதன் படியொன்றை வேறிடத்திலும் சேமித்து வையுங்கள். பெரியோர் உடனிருக்கும் வீடுகளில், வரும் ஞாயிறன்றே தொடங்குங்கள்.