முன்கம்பி எதற்கு, தோழரே?

தை மாதத்தில், திண்டுக்கல்லிலிருந்து ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனி செல்லும் சாலையை இரவு நேரத்தில் பார்த்தவர்கள் அந்தக் காட்சியை மறக்கமாட்டார்கள். காரைக்குடிப் பக்கமிருந்தும் மதுரைப் பக்கமிருந்தும் வருகிற பாதயாத்திரைக் கூட்டம் சாலையோரத்தில் அணி அணியாக நடந்து கொண்டிருக்கும். தலையில் மூட்டை, காலில் கொப்புளம், தோளில் தூங்கும் குழந்தை! பக்தி அவரவர் விருப்பம். அதைப் பற்றிப் பேச நாம் வரவில்லை. அந்த ஏழை மக்களை உரசிக்கொண்டு பறக்கிற பெரிய கார்களைப் பற்றியும், அவற்றின் முகப்பில் மாட்டப்பட்டிருக்கிற இரும்புக் கம்பிகளைப் பற்றியும்தான் பேச வந்திருக்கிறோம்.

அந்தக் கார்களில் சிலவற்றில் நமது கொடியும் பறக்கிறது. ஆகவேதான் பேசியாக வேண்டியிருக்கிறது.

கார் வாங்குவதே குற்றம் என்று நாம் கூறவில்லை. ஒரு காலத்தில் ஜீப்பு என்றால் அதில் வருபவர் அதிகாரியாக இருப்பார், அல்லது எஸ்டேட் முதலாளியாக இருப்பார். 1947-ல் மகிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டி விற்கத் தொடங்கியபோது, உழைப்பவன் அதை ஓட்டலாம், ஏறி அமர்ந்து போக முடியாது என்பதே நிலை. 1998-ல் சஃபாரி, 2002-ல் ஸ்கார்பியோ, 2012-ல் டஸ்டர், 2015-ல் கிரெட்டா என்று எஸ்.யு.வி. வண்டிகள் வரிசையாக வந்தன. டஸ்டர் ஒரகடத்தில் உருவாயிற்று. கிரெட்டா இருங்காட்டுக்கோட்டையில் உருவாகிறது. நமது இளைஞர்களின் கைபட்டு உருவாகும் வண்டியில் நமது வீட்டுப் பிள்ளைகள் ஏறினால் நமக்கு மகிழ்ச்சியே தவிர வருத்தமில்லை.

ஆனால் வாங்கும் முன் கணக்குப் பார்த்தீரா, தோழரே?

காரின் விலை 15 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 2025 செப்டம்பர் 22 முதல் இந்த அளவுள்ள வண்டிக்கு ஜி.எஸ்.டி. 40 சதவீதம். அந்தப் 15 லட்சத்துக்குள்ளேயே ஏறத்தாழ 4 லட்சத்து 28 ஆயிரம் வரியாகப் போய்விடுகிறது. பதிவு செய்யும்போது மாநிலத்தின் ஆயுட்கால வரி 18 சதவீதம். அது 2 லட்சத்து 70 ஆயிரம். மீதத்துக்கு வழி? கடன்தான்! 12 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, 7 ஆண்டுத் தவணை என்றால் மாதம் 19,300 ரூபாய் கட்ட வேண்டும். கட்டி முடிக்கும்போது வட்டியாக மட்டும் 4 லட்சத்து 20 ஆயிரத்துக்கு மேல் கொடுத்திருப்பீர். டீசல் தனி, இன்சூரன்ஸ் தனி, டயர் தனி! நூற்பாலையில் ஷிப்டு பார்க்கிறவர் வீட்டில் இந்தத் தொகை என்ன அர்த்தம் தரும் என்பதை நாம் சொல்லத் தேவையில்லை. வருமானம் உள்ளவர் வாங்கட்டும்; வாடகைக்கு ஓட்டிப் பிழைப்பவர் வாங்கட்டும். ஊர்க்காரர்கள் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பதற்காக மட்டும் 84 மாதம் கடன்காரனாக வாழ வேண்டுமா என்பதே நமது கேள்வி.

இத்தனையும் கொடுத்து வாங்கிய வண்டியை அடுத்த வாரமே பட்டறையில் கொண்டுபோய் நிறுத்துகிறார்களே, அதுதான் நமக்கு விளங்காத விந்தை! முகப்பில் கிராஷ் கார்டு என்கிற இரும்புக் கம்பி. கூரையில் கண்ணைப் பறிக்கும் எல்.இ.டி. விளக்குகள். கண்ணாடியில் கறுப்புத் தாள். அடியில் அளவுக்கு மீறிய டயர். காது கிழியும் ஏர் ஹாரன். கல்யாண வீட்டு யானைக்குக்கூட இவ்வளவு அலங்காரம் கிடையாது!

கம்பி பாதுகாப்புக்குத்தானே என்பார்கள். யாருக்குப் பாதுகாப்பு? காரின் முன்பகுதி மோதலில் நசுங்கும்படியே கட்டப்பட்டிருக்கிறது. அது நசுங்குவதால்தான் மோதலின் வேகம் உள்ளே இருப்பவர் நெஞ்சுக்கு வந்து சேராமல் தணிகிறது. மோதியதை உணரும் கருவிகளும் அங்கேதான் இருக்கின்றன. அவை சொன்னால்தான் காற்றுப்பை உரிய நொடியில் விரியும். கெட்டி இரும்பைக் கொண்டுவந்து சேசிஸில் போல்ட் போட்டு முடுக்கிவிட்டால், நசுங்க வேண்டியது நசுங்காது. காற்றுப்பை விரிய வேண்டிய நேரத்தில் விரியாமல் போகலாம். இது உள்ளே இருப்பவர் கதி. வெளியே நடந்து போகிறவர் கதி? பிளாஸ்டிக் பம்பர் இடித்தால் பிழைக்க வாய்ப்புள்ள ஒருவர், இரும்புக் கம்பி இடித்தால் எலும்பு நொறுங்கி விழுகிறார்.

நமது ஊர் பூட்டுக்குப் பெயர் பெற்ற ஊர். 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தப் பட்டறைத் தோழர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒரு லீவரை மட்டும் கூடுதலாக அரத்தால் தேய்த்துவிட்டால் பூட்டு என்ன ஆகும் என்பதை அவர்கள் சொல்வார்கள். ஒன்றுக்கொன்று இணைந்து வேலை செய்யும் பொருளில், ஒன்றை மட்டும் மனம்போல மாற்றினால் முழுவதும் கெடும். பூட்டுக்கு உள்ள நியாயம் காருக்கு இல்லையா? உயரத்தைக் கூட்டி, டயரைப் பெரிதாக்கிய வண்டியோடு சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குகிறவர், தன் உயிரோடும் எதிரே வருகிறவர் உயிரோடும் பந்தயம் கட்டுகிறார் என்றே சொல்லுவோம்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மீறி வண்டியை மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், கிராஷ் கார்டு மாட்டிய வண்டிகள் மீது நடவடிக்கை எடுக்கும்படி மாநிலங்களுக்கு எழுதியது. 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றமும் 52-ஆம் பிரிவை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு திருத்தப்பட்ட சட்டப்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டும். கண்ணாடி வழியே முன்னும் பின்னும் 70 சதவீத வெளிச்சமும், பக்கங்களில் 50 சதவீத வெளிச்சமும் தெரிய வேண்டும் என்பது விதி. கறுப்புத் தாளை 2012-லேயே உச்சநீதிமன்றம் கண்டித்துத் தடுத்தது. கால் ஊனமுற்ற ஒருவர் தாமே ஓட்டும்படி வண்டியை மாற்ற வேண்டுமானால், அதற்கு அனுமதி பெறச் சட்டத்தில் வழி இருக்கிறது. தேவைக்கு வழி உண்டு, ஆடம்பரத்துக்கு இல்லை!

"கிராமத்துச் சாலை, குறுக்கே மாடு வருகிறது, நாய் வருகிறது, கம்பி இல்லாமல் எப்படி?" என்று நத்தம் பக்கத்துத் தோழர் கேட்கலாம். மாடு வருகிற சாலையில் மனிதனும் வருகிறான், தோழரே! அதற்கு மருந்து கம்பியல்ல, வேகத்தைக் குறைப்பது.

2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் போனவர்கள். 19 பேருக்கு மேல் நடந்து போனவர்கள். தமிழகத்தில் மட்டும் 17,884 உயிர்கள். யார் இவர்கள்? ஷிப்டு முடிந்து சைக்கிளில் திரும்பியவர், தோல் பதனிடும் வேலைக்குப் போனவர், ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறி கொண்டுபோனவர். யாருக்காக இயக்கம் நடத்துகிறோமோ, அவர்களேதான்! அவர்களை நோக்கி இரும்பை நீட்டிக்கொண்டு, அதே வண்டியில் அவர்களிடம் ஓட்டுக் கேட்கப் போவது எந்த ஊர் நியாயம்? முன்பெல்லாம் நமது தோழர்கள் சைக்கிளில் வந்தார்கள். முகம் தெரிந்தது, மக்கள் நிறுத்திக் குறை சொன்னார்கள். கறுப்புக் கண்ணாடிக்கு உள்ளே இருப்பவரிடம் யார் போய்க் குறை சொல்வார்கள்?

அரசுக்கும் ஒன்று கூறுகிறோம். மாட்டியவனை மட்டும் சாலையில் மறித்து அபராதம் போடுவது பாதி வேலை. கடையில் கம்பியைப் பகிரங்கமாக விற்க விட்டுவிட்டு, வாங்கியவனை மட்டும் பிடிப்பானேன்? விற்பனையிலேயே தடுத்திடுக! கொடி கட்டிய காருக்கு ஒரு சட்டம், கொடியில்லாத காருக்கு ஒரு சட்டம் என்று இராமல், நமது கொடி கட்டிய காரையே முதலில் நிறுத்திடுக. நாம் குறை சொல்லமாட்டோம். பட்டறைத் தோழர்களின் பிழைப்புக் கெடும் என்று யாரும் அஞ்ச வேண்டாம். பிரேக்கு பார்ப்பது, வீல் அலைன்மென்ட் பார்ப்பது, கிளட்ச் மாற்றுவது என்று கொடைக்கானல் மலை ஏறி இறங்கும் வண்டிகளுக்கு ஆண்டு முழுவதும் வேலை உண்டு. உயிர் காக்கும் அந்த வேலைக்கு உரிய கூலியை முகம் சுளிக்காமல் கொடுக்கப் பழகுவோம்.

காரை வைத்துக்கொள்ளுங்கள். பழுதில்லாமல் பேணுங்கள். நடு இரவில் பிரசவ வேதனையில் துடிக்கும் பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்க்க அது பயன்பட்டால், நமது கொடிக்கு அதைவிடப் பெருமை வேறு இல்லை. ஆனால் அடுத்த தை பிறக்கும் முன், பழனி சாலையில் நடக்கப் போகும் அந்த மக்களை நினைத்து, நாலு போல்ட்டைக் கழற்றி அந்தக் கம்பியை எடைக்குப் போட்டுவிடுங்கள்.

இதைச் சட்டத்துக்குப் பயந்து செய்ய வேண்டாம், தோழர்களே. நம் மக்களுக்காகச் செய்யுங்கள்!