நூலற்ற நூல்கள்

சில ஆண்டுகளுக்கு முன், ஈழத்து நாவல் பற்றிய கட்டுரையொன்றைத் தேடிப் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கமொன்றின் பழைய ஆண்டிதழை நூலகத்தில் எடுக்க நேர்ந்தது. எடுத்தது இதழை, கைக்கு வந்தது அட்டை. உள்ளிருந்த தாள்கள் இறாக்கையிலேயே தங்கிவிட்டன. அவற்றைப் பொறுக்கி இலக்கப்படி ஒழுங்குசெய்தபோது, தேடிய கட்டுரையின் இறுதி இரு பக்கங்களும் இல்லை. ஆசிரியர் தம் முடிபுகளைக் கூறியிருக்கக்கூடிய பக்கங்கள் அவை. கறையான் அவ்விதழைத் தீண்டவில்லை. எவரும் அதைக் கிழித்ததாகவும் தெரியவில்லை. முதுகிற் பூசிய பசை உலர்ந்து விட்டுப்போயிற்று, அவ்வளவே. இதற்குப் பொறுப்பானவர் யாவர் என்று முதற் பக்கங்களைப் புரட்டினேன். இதழாசிரியர் குழுவின் பெயர்ப்பட்டியல் பழுதின்றி இருந்தது. அதில் என் பெயரும் இருந்தது.

அக்குழு அவ்விதழின் அட்டை நிறத்தைத் தீர்மானிக்க மூன்று கூட்டங்கள் கூடியது. வாழ்த்துச் செய்திகளை எந்த வரிசையில் இடுவதென்பதில் மனக்கசப்பே ஏற்பட்டது. கட்டு முறையைத் தீர்மானிக்க எவ்வளவு நேரம் எடுத்தோம்? அச்சகத்துப் பெரியவர் கடைசி நாளிற் கேட்டார்: “தம்பி, பின் அடிக்கிறதோ, கம் போடுறதோ?” நாம் சொன்னோம்: “கம் போடுங்கோ ஐயா, முதுகிலை பேர் வரவேணும்.” அந்த இரண்டு வசனங்களோடு ஆய்வு முடிவுற்றது. தைத்துக் கட்டுதல் என மூன்றாவது வழியொன்று உண்டென அவரும் கூறவில்லை, நாமும் கேட்கவில்லை.

இன்றும் இந்நிலை மாறியதாகத் தோன்றவில்லை. கட்டு என்பது அச்சுவேலை முடிந்தபின் ஒட்டிக்கொள்ளும் அலங்காரம் என்றே எம்மவர் எண்ணுகின்றனர். இது முழுப் பிழை. எந்த நூலும் எழுத்துக் கோப்பதற்கு முன்னரே தன் கட்டு முறையைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். உள் ஓரம் எவ்வளவு விடுவது, தாளை எத்திசையில் வெட்டுவது, பக்கங்களை அச்சுத் தாளில் எவ்வாறு அடுக்குவது ஆகிய யாவும் அதனையே பொறுத்தவை. தாளுக்கு இழையோட்டம் உண்டு. அது முதுகுக்கு இணையாக ஓடினால் ஏடு மெத்தென மடியும், குறுக்கே ஓடினால் விறைத்து நின்று முதுகோடு போராடும். அச்சடித்து முடிந்தபின் இதனைத் திருத்த எந்தக் கட்டுநராலும் இயலாது.

தமிழில் ‘நூல்’ என்ற ஒரே சொல் இழையையும் ஏட்டையும் குறிக்கின்றது. நன்னூலார் அப்பெயருக்குக் காரணங் காட்டுமிடத்துப் பஞ்சிலிருந்து நூற்கும் இழையையே உவமை கொண்டார். அவர் கட்டுத்தொழிலைக் கருதியிருக்கமாட்டார் என்பது உண்மையே; எனினும் எமது நூல்களிலிருந்து இழை அடியோடு அகன்றுவிட்ட இந்நாளில் அச்சொல் சற்றே கேலி செய்வதுபோற் கேட்கிறது. தைத்த நூலில், பதினாறு பக்கங் கொண்ட ஒவ்வொரு மடிப்பும் (அச்சகத்தார் ‘பாரம்’ என்பர்) தன் நடுமடிப்பினூடாக நூலோட்டித் தைக்கப்பட்டு, அடுத்த பாரத்தோடு முடிச்சிடப்படுகிறது. பின்னரே முதுகிற் பசை ஏறும். அப்பசை உலர்ந்து உதிர்ந்தாலும் ஏடுகள் நிலைபெயரா. அவற்றைத் தாங்குவது இழை. நாவலர் 1849இல் வண்ணார்பண்ணையில் அச்சியந்திரசாலை நிறுவிய அந்நூற்றாண்டின் நூல்களிற் பல, தாள் பழுப்பேறி நொறுங்கும் நிலையிலும் பக்க ஒழுங்கு குலையாமல் இருப்பதன் இரகசியம் இதுவே.

பசைக்கட்டில் நிகழ்வது வேறு. பாரங்களை அடுக்கி, அவற்றின் மடிப்பு முழுவதையும் கத்தியால் அறுத்து நீக்கி, எல்லாவற்றையும் தனித்தாள்களாக்கி, அறுத்த விளிம்பைச் சுரண்டி, உருக்கிய பசையைப் பூசி அட்டையைப் பொருத்துகின்றனர். ஏட்டுக்கும் ஏட்டுக்கும் இருந்த உறவு அறுபட்டபின் ஒரு மயிரளவு தடித்த தாள்விளிம்பு மாத்திரமே ஒவ்வொரு பக்கத்தையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. பளபளக்கும் படத்தாளாயின் அப்பிடியும் உறுதியாய் அமையாது. நூலை அகல விரித்தால் முதுகு வெடிக்கும். விரிக்காவிடின் உள்வரிகளைப் படிக்க முடியாது. மறுபடி கட்டக் கொடுத்தால் கட்டுநர் முதுகை மீண்டும் அறுப்பார். ஒருமுறைக்கு ஒருமுறை உள் ஓரம் சுருங்கும்.

இது நவீன கண்டுபிடிப்பு என்று எண்ணுவோருக்கு ஒரு வார்த்தை. 1836இல் இங்கிலாந்தில் வில்லியம் ஹான்கொக் என்பவர், தைக்காமல் இறப்பர்க் கரைசலால் ஏடுகளை ஒட்டிக் கட்டும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஹேனரத்கொடவில் முதல் இறப்பர்க் கன்றுகள் நடப்பட்ட 1876ஆம் ஆண்டுக்கு நாற்பதாண்டுகள் முந்திய சங்கதி இது. படங்கள் நிறைந்த ஆடம்பர நூல்கள் அம்முறையிற் கட்டப்பட்டன. சில பதின்ம ஆண்டுகளில் இறப்பர் காய்ந்து பொடியாகி, பக்கங்கள் உதிர்ந்தன. பசையின் வேதியியல் அதன்பின் பெரிதும் முன்னேறியுள்ளது என்பதை மறுக்கவில்லை. பொலியூரித்தேன் பசை உறுதியானது; ஏடுகளை இருபுறமும் விசிறிபோற் சரித்து வெள்ளைக் குளிர்பசை பூசும் முறையை நூலகங்களே ஏற்றுக்கொள்கின்றன. ஆயின் எமது சந்தியிலுள்ள அச்சகம் எமக்குத் தருவது அதுவன்று. அது தருவது சூட்டில் உருக்கிப் பூசும் மலிவுப் பசை. காலஞ் செல்லச் செல்ல விறைத்து முறிவது.

கம்பி அடித்தல் பற்றியும் கூறவேண்டும். நடுமடிப்பிற் கம்பி அடித்த மெல்லிய இதழை நான் இகழேன். எண்பது பக்கத்துக்கு உட்பட்ட சஞ்சிகைக்கு, சதுர முதுகு வேண்டிப் பசை பூசுவதைக் காட்டிலும் அது எவ்வளவோ மேல். நன்றாக விரியும், கம்பியைக் கழற்றி அதே துளைகளில் நூலால் தைத்துக்கொள்ளவும் முடியும். நான் இகழ்வது பக்கவாட்டில் குத்தி அடிக்கும் கம்பியை. ஈரலிப்பு மிகுந்த எமது காலநிலையில் அது துருப்பிடித்து, துருப்பட்ட தாள் கம்பியைச் சுற்றி இற்றுப்போகிறது. அதற்கு முன்னரே, ஒவ்வொரு வரியின் ஓரெழுத்தோ ஈரெழுத்தோ மடிப்புக்குள் மறைந்து, வாசகன் ஊகித்துப் படிக்க வேண்டியவனாகிறான். கவிதையாயின் ஊகமும் கைகொடாது.

ஆய்வேடுகளின் கதை இன்னும் வேடிக்கையானது. கருநீல நிறத் தடித்த அட்டை, பொன்னெழுத்து, மேலுங் கீழும் வண்ணப் பட்டி. அப்பட்டி ஒரு காலத்திற் பாரங்களோடு சேர்த்துத் தைக்கப்பட்டது. இன்று முழக்கணக்கில் வாங்கி ஒட்டப்படும் துணித்துண்டு. உள்ளே இருப்பவை தனித்தனி ஏ4 தாள்கள். பக்கவாட்டில் துளையிட்டு இறுக்கப்பட்டவை. இடப்புறம் ஒன்றரை அங்குலம் விடும்படி மாணவரைக் கேட்பது இத்துளைக்காகவே என்பதை அவ்விதியை விதிப்போர் பலரே அறியார். பொன்னெழுத்தின் எழுத்துப்பிழைக்காக ஆய்வேட்டைத் திருப்பி அனுப்பும் நாம், அதனை ஒருமுறையேனும் நடுவில் விரித்துப் பார்த்ததுண்டா? மாறாக, விரிவுரைக் குறிப்புக்குச் சுருள்கம்பி பொருத்துவதை எவரும் பழிக்க வேண்டியதில்லை. அது மேசைமேற் தட்டையாகக் கிடக்கும்; ஓராண்டு உழைக்கும்; ஓராண்டுக்குமேல் அது உழைக்க வேண்டிய தேவையும் இல்லை. எவ்வளவு காலம், யார் கையில், எவ்வாறு விரிக்கப்படும் என்ற கேள்விக்கே கட்டு விடையாக வேண்டும்.

ஏட்டுச்சுவடி கட்டிய எம்முன்னோர் இக்கேள்வியை அறிந்திருந்தனர். சுவடியின் ஒரு துளையிற் கயிறு, மற்றதில் நாராசம், மேலுங் கீழும் சட்டம். பசை ஒரு துளியும் இல்லை. ஓர் ஏடு பழுதுற்றால் அவிழ்த்து, படியெடுத்து, புதிய ஏட்டை அதே இடத்திற் கோத்துவிடலாம். கயிறு அறுந்தால் ஏடுகள் கலையும் என்பதும் மெய்யே. ஏட்டிலக்கம் இட்டது அதற்காகவே. ஐரோப்பிய அனுபவமும் இதனோடு ஒத்துப்போகிறது. 1966 நவம்பர் 4இல் ஆர்னோ நதி பெருக்கெடுத்துப் புளோரன்ஸ் நகரத்துத் தேசிய நூலகத்தின் நூல்களை மூழ்கடித்தது. மீட்புப் பணிக்குச் சென்றவர்களுள் ஒருவரான கிறிஸ்தொபர் கிளார்க்சன், பசை அதிகம் பயன்படுத்தாது தைத்து, வளையுந் தோலால் மூடிய எளிய நூல்கள் வெள்ளத்தை நன்கு தாங்கியதைக் கண்டு பின்னர் எழுதினார். அத்தோற்கட்டு ஆடம்பரமானதன்று, அக்காலத்தில் மலிவாகக் கருதப்பட்டதே.

எமக்கு இது வெறுங் கைத்தொழில் விவாதமாக இருக்க முடியாது. 1981 யூனில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அதன்பின் போரும் இடப்பெயர்வும் வீட்டு அலுமாரிகளையும் வெறுமையாக்கின. முந்நூறோ ஐந்நூறோ பிரதிகள் அச்சான ஒரு மலருக்கு இன்று எஞ்சியிருப்பது எங்கோ ஒரு வீட்டுப் பெட்டியிலுள்ள ஒரேயொரு பிரதியாக இருக்கலாம். 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் மின்னூலகத்தில் எமது பழைய வெளியீடுகளைத் திரையிற் படித்திருப்போர், உள்விளிம்பில் வரிகள் நிழலுக்குள் மறைந்துபோகும் பக்கங்களைக் கண்டிருப்பர். அது படம்பிடித்தவர் குற்றமன்று. விரியாத நூலை எந்தக் கருவியும் முழுமையாகப் பார்க்க முடியாது. ‘எல்லாம் மின்னூலாகிவிடும், கட்டைப் பற்றி ஏன் கவலை’ என்போர் இதனைச் சிந்திக்கட்டும்.

செலவு என்பர். செலவுதான். நூற்றறுபது பக்க இதழுக்குப் பத்துப் பாரங்கள். முந்நூறு பிரதிகளுக்கு மூவாயிரம் பாரங்களை மடித்துத் தைக்க வேண்டும். தைக்கத் தெரிந்த கைகளும் அருகிவருகின்றன. நாம் வேலை கொடாமையாலேயே அருகுகின்றன. விழாவுக்கு இரு நாள் முன்னர் ஆக்கங்களை அச்சகத்துக்குக் கொண்டோடும் குழுவுக்கு இது ஒவ்வாது என்பதும் உண்மை. ஆதலின் முந்நூறையும் தைக்கும்படி கேட்கவில்லை. இருபத்தைந்து பிரதிகளைத் தையுங்கள். பல்கலைக்கழக நூலகங்கட்கும் பொது நூலகங்கட்கும் ஆவணக் காப்பகத்துக்கும் அவற்றை அனுப்புங்கள். ஏனையவற்றுக்கு உங்கள் விருப்பப்படி கம் பூசி விழாவில் விற்றுக்கொள்ளுங்கள். முதுகு அறுக்குமுன் இருபத்தைந்து பிரதிகளுக்கான பாரங்களை ஒதுக்கிவைக்கும்படி அச்சகத்தாருக்குச் சொன்னாற் போதும். தனித்தாளாக வெளிவரும் டிஜிட்டல் அச்சாயின், அவ்விருபத்தைந்தையும் மடித்தாளாக அமைக்கும்படி பக்கம் கோக்கும் நாளிலேயே சொல்லவேண்டும். கடைசி நாளிற் சொன்னால் நடவாது. தைக்க ஆள் கிடையாவிடின் சங்க உறுப்பினரே கற்கலாம். தடித்த ஊசி, மெழுகிட்ட பருத்தி நூல், ஒரு துளையூசி. ஒரு மாலையிற் பழகிவிடக்கூடிய வேலை. வண்ணத்தாள் வெட்டி மேடை சோடிக்கும் கைகளுக்கு இது பாரமன்று.

அட்டையிலுள்ள மினுக்கத்தை நீக்கினாலேயே இச்செலவில் ஒரு பகுதி தேறும் என்பதையும் பொருளாளர் கவனிக்க.

இவ்விதழ் எவ்வாறு கட்டப்படவிருக்கிறது என்பது இதனை எழுதும்போது எனக்குத் தெரியாது. குழுவினரிடம் கேட்டேன், “அட்டை முடிந்துவிட்டது சேர், மற்றது பார்த்துக்கொள்ளலாம்” என்றனர். வாசகர் இப்பக்கத்தை விட்டு நடுப்பக்கத்தை விரித்து, மடிப்பில் இழை ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். மெதுவாக விரிக்கவும்.