விரதத்துல என்னங்க ஆட்டுக்கறி ருசி?

மாசி மகம் நெருங்குது. மலாக்காவிலிருந்து முருகன் ரதம் செங் சன்னாசிமலைக்கு வருவதற்கு முன்னாடியே நாம விரதம் தொடங்கிடுவோம். சந்தோஷம். ஆனா ஒரு விஷயம் பேசியே ஆகணும், கோவிச்சுக்காதீங்க.

விரதம் தொடங்குன மறுநாளே சைவ ஆட்டிறைச்சி, சைவக் கோழி, சைவ மீன்னு பாக்கெட் தேடி ஓடுறோம். அது என்ன? கோதுமை மாவைப் பிசைஞ்சு, தண்ணியில கழுவி, மாவுச்சத்து போன பிறகு மிஞ்சுற பசை. இல்லன்னா சோயா. தப்பான சாப்பாடு இல்லை, சீன பௌத்தர்கள் காலங்காலமா சமைக்கிறதுதான். ஆனா சில பாக்கெட்டுல முட்டை வெள்ளைக்கருவும் சேர்ப்பாங்க. பின்பக்கம் பொடி எழுத்துல மலாயில 'பூத்தே தெலோர்'னு இருக்கும். தொண்டர்கள் நாங்களே படிக்காம வாங்கி, பாதி விரதத்துல பார்த்துத் தலையில கைவச்சிருக்கோம்.

ஷிப்ட் முடிஞ்சு வந்து சமைக்க நேரம் எங்கேன்னு கேட்பீங்க. நாங்களும் அதே ஷிப்ட்தான். ராத்திரியே பருப்பை ஊறவச்சா காலையில சாம்பார் சீக்கிரம் ஆயிடும். கூட முருங்கைக்கீரை, தெம்பே பொரியல். தெம்பேயும் சோயாதான், ஆனா ஆடுன்னு வேஷம் போடலை.

புதுசா சைவத்துக்கு மாறுறவங்க பாக்கெட்டோட தொடங்கட்டும், தடுக்க மாட்டோம். காவடி எடுக்கிறவங்களுக்கு அது எதுக்கு? நாக்கு கேட்ட ருசியைக் கொடுத்துட்டு, எதை விட்டேன்னு முருகன்கிட்ட சொல்றது?

அன்னதானத்துக்கும் அந்தப் பாக்கெட் வேண்டாங்க. பருப்பு, காய்கறி கொடுங்க. காய் நறுக்க ஆள் பத்தலை, விடியறதுக்கு முன்னாடியே கத்தியோட வாங்க.