யார் பக்கவாத்தியம்?

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை. தேக்கா நிலையத்தை ஒட்டிய பஃபலோ சாலையில் நானும் என் அண்ணன் மகளும் கூட்டத்தில் நுழைந்து நடந்துகொண்டிருந்தோம். அவள் முதுகில், அவளையே மறைக்கும் ஒரு கறுப்புப் பை. பூக்கடை அக்கா மல்லிகைச் சரத்தை அளந்துகொண்டே கேட்டார்: “என்னம்மா அது, வீணையா?”

“செல்லோ, ஆன்ட்டி.”

அக்கா என்னைப் பார்த்தார். “வயலினோட அண்ணன்னு வெச்சுக்குங்கக்கா” என்றேன். அவர் பையை மேலும் கீழும் நோட்டம் விட்டார். “அண்ணனா? தாத்தா மாதிரியில்ல இருக்கு!”

அந்தத் தாத்தாவால்தான் எங்கள் குடும்பத்தில் இரண்டு மாதமாகப் பஞ்சாயத்து. தொடக்கநிலை மூன்றில் பள்ளியின் இணைப்பாட நடவடிக்கையாகத் தந்திக் கருவி இசைக்குழுவில் சேர்ந்தாள். வயலின் கேட்டாள், இடமில்லை என்று செல்லோவைக் கொடுத்தார்கள். முதல் வாரம் அழுதாள். இப்போது தொடக்கநிலை ஐந்து. அதைத் தொடாமல் தூங்கப் போவதில்லை. அண்ணனுக்கோ அடுத்த ஆண்டு பிஎஸ்எல்இ என்பது மட்டும்தான் கண்ணுக்குத் தெரிகிறது. “போதும், நிறுத்திடலாம். இசை வேணும்னா பிறகு வீணை கத்துக்கட்டும். நம்ம இசை. இந்தச் செல்லோவை வெச்சுக்கிட்டு நம்ம பிள்ளை எங்கே போய் வாசிக்கப் போகுது?”

வாதாடிப் பயனில்லை. ஒரு மாலை மூன்று பேருமாகக் கென்ட் ரிட்ஜுக்குப் போனோம். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் யோங் சியூ தோ இசைக் கல்லூரி அங்கே இருக்கிறது. 2001ல் தொடங்கப்பட்டது. அதன் நிகழ்ச்சிகள் பலவற்றுக்குக் கட்டணமே கிடையாது என்பது நம்மவர்களில் பலருக்குத் தெரியாது. வானொலியில் இருந்துகொண்டு எனக்கே தாமதமாகத்தான் தெரிந்தது. 1998ல் சைக்கோவ்ஸ்கி போட்டியில் வெள்ளிப் பதக்கம் பெற்ற செல்லோ கலைஞர் சின் லி-வெய் இங்கேதான் கற்பிக்கிறார். பேத்தோவன் செல்லோவுக்கும் பியானோவுக்கும் எழுதியவற்றை அவரும் பியானோ கலைஞர் ஆல்பர்ட் தியூவும் சேர்ந்து டெக்கா நிறுவனத்துக்குப் பதிவு செய்திருக்கிறார்கள்.

நாங்கள் கேட்டது மாணவர்கள் இருவர் வாசித்த நிகழ்ச்சி. மேடையில் வேறெதுவும் இல்லை. ஒரு பெரிய பியானோ, அதற்கு முன்னால் ஒரு நாற்காலி. ஒலிபெருக்கியும் கிடையாது. அண்ணன் என் காதருகே குனிந்து கேட்டார்: “இதுல யாரு மெயின், யாரு பக்கவாத்தியம்?”

கச்சேரி கேட்டு வளர்ந்த ஒருவர் கேட்கவேண்டிய சரியான கேள்வி. இதற்கான பதிலே ஒரு கதை. 1796ல் பேத்தோவன் பெர்லினுக்குப் போனபோது, அங்கிருந்த மன்னர் இரண்டாம் ஃபிரடெரிக் வில்லியம் செல்லோ வாசிப்பவர். அந்த அரசவைக்காக இளைஞர் பேத்தோவன் இரண்டு சொனாட்டாக்கள் எழுதினார். அதுவரை இந்த மாதிரி ஜோடியில் பெரும்பாலும் ஒருவர் எசமான், மற்றவர் உதவியாள். அந்த இரண்டிலும்கூடப் பியானோவின் கை ஓங்கித்தான் இருக்கும். அவரே பியானோ கலைஞர் ஆயிற்றே! பன்னிரண்டு ஆண்டு கழித்து, 1808ல் மூன்றாவது சொனாட்டாவை எழுதி முடித்தபோது கணக்கு மாறிவிட்டது. அன்று நாங்கள் கேட்டது அதைத்தான்.

அது செல்லோவின் தனிக்குரலில் தொடங்குகிறது. துணை ஏதும் இல்லை. யாரோ ஒரு பெரியவர் வாசல் திண்ணையில் உட்கார்ந்து தனக்குள் பேசிக்கொள்வதுபோலத் தாழ்ந்த குரலில் சில அடிகள். அவர் பாதியில் நிறுத்த, பியானோ அந்தப் பேச்சை அப்படியே எடுத்து முடிக்கிறது. பிறகு மாற்றி மாற்றி. செல்லோவுக்கு நான்கே கம்பிகள். பியானோவுக்குள் இருநூறுக்கும் மேல். பியானோ நினைத்தால் செல்லோவை மூழ்கடித்துவிடலாம். மூழ்கடிக்காமல் இருப்பதில்தான் அந்த மாணவியின் திறமை முழுவதும் இருந்தது.

எனக்கு வேறொன்று பிடிபட்டது. கச்சேரியில் பாடகரும் மிருதங்கக்காரரும் முகம் பார்த்துக்கொள்வார்கள், தலையாட்டிக்கொள்வார்கள். இங்கே செல்லோ வாசிப்பவர் நம்மைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். பியானோ அவர் முதுகுக்குப் பின்னால். பிறகு எப்படி இருவரும் ஒரே கணத்தில் தொடங்குகிறார்கள்? மூச்சு. ஒவ்வொரு சொற்றொடருக்கும் முன்னால் அந்தப் பையன் மூக்கால் மூச்சிழுக்கும் சத்தம் நான்காவது வரிசை வரை கேட்டது. காலை நிகழ்ச்சியில் என்னோடு பேசும் சக படைப்பாளர் எந்த இடத்தில் மூச்சு வாங்குவார் என்று எனக்கும் தெரியும். ஆனால் அந்த இடைவெளியில் நான் செய்வது உள்ளே புகுந்து பேசுவது. இவர்கள் செய்தது காத்திருப்பது. சற்றே கூச்சமாக இருந்தது.

முதல் பகுதி முடிந்ததும் அண்ணன் கைதட்டினார். அரங்கத்திலேயே அவர் ஒருவர்தான். மகள் நிகழ்ச்சி நிரலால் முகத்தை மூடிக்கொண்டாள். பகுதிகளுக்கு நடுவே கைதட்டக்கூடாது என்பது பிற்காலத்தில் வந்த வழக்கம். பேத்தோவன் காலத்து ரசிகர்கள் நடுவிலும் தாராளமாகத் தட்டினார்கள். நல்ல சங்கதி விழுந்தால் உடனே ‘ஆஹா’ சொல்லிப் பழகிய நாம் எந்த வகையில் குறைந்துவிட்டோம்? இதையெல்லாம் அங்கே சொல்ல முடியவில்லை. பின்னால் இருந்தவர் முறைத்துக்கொண்டிருந்தார்.

பிறகு மெதுவான பகுதி வந்தது. அண்ணன் சாய்ந்து உட்கார்ந்து கண்ணை மூடினார். மொத்தமே பதினெட்டு தாள அலகுகள்தான். மனம் இளகத் தொடங்கும்போதே முடிந்து, வேகமான இறுதிப் பகுதி துள்ளிக் கிளம்பிவிடுகிறது. அண்ணன் கண்ணைத் திறந்து, ஏதோ பறிபோனதுபோல என்னைப் பார்த்தார்.

திரும்பி வரும் ரயிலில் வெகுநேரம் பேசாமல் இருந்தவர், “இந்தச் சத்தத்தை நான் எங்கேயோ கேட்டிருக்கேன்” என்றார். கேட்காமல் எப்படி? அவர் பள்ளி நாளிலிருந்து இளையராஜா பைத்தியம். 1986ல் வந்த ‘ஹவ் டு நேம் இட்’ ஒலிநாடாவைத் தேய்த்தே தீர்த்தவர். அதில் வயலின் வாசித்த வி.எஸ்.நரசிம்மன் பின்னர் மெட்ராஸ் ஸ்டிரிங் குவார்ட்டெட் தொடங்கி, கர்நாடகக் கீர்த்தனைகளை நான்கு தந்திக் கருவிகளுக்கு மாற்றி எழுதினார். அதில் செல்லோ வி.ஆர்.சேகர். எல்லாம் சென்னைக்காரர்கள். ‘நம்ம இசை’ என்று அண்ணன் சொல்லிவந்ததற்குள் செல்லோ எப்போதோ வந்து உட்கார்ந்துவிட்டது. வயலினே கடல் தாண்டி வந்ததுதானே. பாலுசுவாமி தீட்சிதர் அதை மடியில் சாய்த்துக்கொள்ளாமல் இருந்திருந்தால்?

இதைச் சொன்னதும் அண்ணன் மனம் மாறிவிட்டார் என்று எழுத ஆசை. மாறவில்லை. லிட்டில் இந்தியா நிலையத்தில் இறங்கி, தோசைக்குக் காத்திருந்தபோது பேரம் தொடங்கியது. தேர்வு ஆண்டில் ஒரு நாளைக்கு அரைமணி நேரம் என்றார் அவர். ஒரு மணி என்றாள் அவள். நாற்பத்தைந்து நிமிடத்தில் படிந்தது, கணிதத்தில் மதிப்பெண் குறைந்தால் மறுபரிசீலனை என்ற நிபந்தனையோடு. அண்ணி ஒரு வார்த்தை பேசாமல் சட்னியை என் பக்கம் தள்ளினார்.

அப்போதுதான் அவள் என் பக்கம் திரும்பினாள். “அத்தை, எனக்குப் பியானோ வாசிக்க ஆள் வேணும். நீங்க கிரேடு ஐந்து வரைக்கும் படிச்சீங்கதானே?”

அது இருபது ஆண்டுக்கு முந்திய கதை. என் மின்பியானோமேல் இப்போது துவைத்த துணிகள்தான் உட்கார்ந்திருக்கின்றன. அவள் கேட்பது சான்-சான்ஸின் ‘அன்னம்’. 1886ல் எழுதிய ‘விலங்குகளின் களியாட்ட’த்தில் வருவது. அதில் இந்த ஒன்றைத் தவிர மற்றவற்றைத் தன் வாழ்நாளில் அச்சிட அவர் விடவில்லை. அன்னமாக மிதப்பது செல்லோ. அதன் அடியில் ஓடும் தண்ணீர் பியானோ. ஓர் இடத்தில்கூட நிற்காமல் ஓடவேண்டும்.

துணிகளை எடுத்து மடித்துவைத்துவிட்டேன். வலக்கை பரவாயில்லை. இடக்கை இன்னும் தடுக்குகிறது. வரும் சனிக்கிழமை, மாலை நான்கு மணிக்கு முதல் ஒத்திகை. அண்ணன் உட்கார்ந்து கேட்பதாகச் சொல்லியிருக்கிறார்.