திருவிழாவுக்கும் இரண்டாவது வழி வேண்டும்

தங்கவயல் தமிழர்களுக்கு மின்சாரத்தைப் பற்றி யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. சிவசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 92 மைல் தூரம் கம்பி இழுத்து, 1902ஆம் ஆண்டிலேயே கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் கொண்டு வந்தார்கள். பேத்தமங்களாவில் பாலாற்று நீரைத் தேக்கி, சுரங்கத்துக்கும் லைன் வீடுகளுக்கும் தண்ணீர் அனுப்பினார்கள். 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்டது. ஆனால் சுரங்கம் கற்றுக்கொடுத்த பாடம் மூடப்படவில்லை. வெளியேற இரண்டு வழி இல்லாத சுரங்கத்தில் ஆட்களை இறக்கக்கூடாது என்பது சட்டம். ஒரு வழி அடைபட்டால் மறு வழியாக உயிர் தப்பலாம்.

இந்த விதி திருவிழாக்களுக்கு ஏன் இல்லை என்பதுதான் கேள்வி.

பெங்களூரில் வேலை பார்ப்பவர்கள் பண்டிகைக்குப் பண்டிகை குடும்பத்தோடு ஊர் திரும்புகிறார்கள். தங்கவயலை அடுத்த கம்மசந்திரா கோடிலிங்கேஸ்வரர் கோயிலில் மகா சிவராத்திரிக் கூட்டம் லட்சத்தைத் தாண்டும். பேத்தமங்களா போன்ற ஊர்களின் உற்சவங்களுக்கும் சுற்றுப்பட்டு கிராமங்கள் திரண்டு வருகின்றன. கூட்டம் வருவது மகிழ்ச்சியே. வந்தவர்கள் பத்திரமாக வீடு திரும்ப வேண்டாமா?

தஞ்சாவூர் அருகே களிமேட்டில் 2022 ஏப்ரல் 27 அன்று தேர் உயர் அழுத்த மின்கம்பியில் உரசி 11 பேர் மாண்டார்கள். 2011 ஜனவரி 14 இரவு சபரிமலை புல்மேட்டில் நெரிசலில் சிக்கி நூற்றுக்கும் மேற்பட்ட பக்தர்கள் உயிரிழந்தார்கள். 2025 ஜூன் 4 அன்று பெங்களூர் சின்னசாமி மைதான வாசல்களில் 11 பேர் பலியானார்கள். யாரை உள்ளே விடுவார்கள் என்பது பற்றி அன்று பலவிதமான செய்திகள் பரவியிருந்தன. அதே ஆண்டு செப்டம்பர் 27 அன்று கரூர் அரசியல் கூட்ட நெரிசலில் 41 உயிர்கள் போயின. ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு. ஆனால் கம்பியின் உயரம், விளக்கு வெளிச்சம், சரியான அறிவிப்பு ஆகியவை பெருங்கூட்டத்தில் உயிர் காக்கும் சாதனங்கள் என்பதை இவை உணர்த்துகின்றன.

நமது விழாக்களில் நடப்பது என்ன? அலங்கார வளைவு, சீரியல் செட், மைக் செட், கடைகள் எல்லாம் ஒரே இணைப்பில் தொங்குகின்றன. பியூஸ் போனால் விளக்கும் போகிறது, மைக்கும் போகிறது. இருட்டில் ஒருவர் ஓடினால் நூறு பேர் ஓடுகிறார்கள். "பயப்படாதீர்கள், அங்கேயே நில்லுங்கள்" என்று சொல்லக்கூட ஒலிபெருக்கி இருக்காது.

செய்ய வேண்டியது பெரிய வித்தையல்ல. மொத்தம் எத்தனை கிலோவாட் தேவை என்று முதலில் கணக்கிட வேண்டும். அலங்காரத்துக்கு ஒரு இணைப்பு. வழிகாட்டும் விளக்குக்கும் அறிவிப்பு மைக்குக்கும் தனி இணைப்பு. ஜெனரேட்டர் ஒன்று ஓடும்போது மற்றொன்று தயாராக நிற்க வேண்டும். அது சூடாகி எடுக்கும் சில நொடிகளுக்குப் பேட்டரி விளக்குகள் தாமாகவே எரிய வேண்டும். கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியும் ஒழுங்கான எர்த்தும் கட்டாயம். தேர் போகும் பாதையில் தேரின் உயரத்தையும் கம்பியின் உயரத்தையும் முன்கூட்டியே அளந்து, புறப்படும் நேரத்தில் லைன்மேன் மின்சாரத்தை நிறுத்த வேண்டும்.

அடுத்தது செய்தித் தொடர்பு. கையில் செல்போன் இருக்கிறதே என்று நினைப்பது தவறு. ஒரு டவர் ஒரே நேரத்தில் தாங்கும் அழைப்புகளுக்கு அளவுண்டு. கூட்டம் மிகுந்தால் திரையில் கோடுகள் முழுதாகத் தெரியும், பேச்சு மட்டும் போகாது. வண்டியில் வரும் தற்காலிக டவரைச் செல்போன் நிறுவனங்களிடம் முன்னதாகவே கேட்க வேண்டும். போலீசுக்கு வயர்லெஸ் இருப்பதுபோல் தொண்டர்களுக்கும் வாக்கி டாக்கி வேண்டும். எல்லோரும் ஒரே பொறுப்பாளருக்குத் தகவல் தர வேண்டும். அறிவிப்பு கன்னடத்திலும் தமிழிலும் தெலுங்கிலும் ஒலிக்க வேண்டும். எல்லையோர வட்டாரமான இங்கு மூன்று மொழிக்காரர்களும் வருகிறார்கள். புரியாத அறிவிப்பு இருந்தும் இல்லாததற்குச் சமம்.

"இதற்கெல்லாம் பணம் எங்கே?" என்று விழாக் குழுவினர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. கூலித் தொழிலாளியின் நன்கொடையில் நடக்கும் விழா அது. ஆனால் வாணவேடிக்கைக்கும் ஆளுயர பேனர்களுக்கும் பணம் கிடைக்கிறதே! அதில் ஒரு பகுதியைக் குறைத்தாலே மாற்று ஜெனரேட்டர் வந்துவிடும். சிறிய ஊர்களுக்கு ஊராட்சியும் அறநிலையத் துறையும் கை கொடுக்க வேண்டும்.

அனுமதி கொடுக்கும் அதிகாரிகளும் காகிதத்தில் முத்திரை குத்துவதோடு நின்றுவிடக்கூடாது. விழாவுக்கு முந்திய இரவு மெயினை அணைத்துப் பார்க்கட்டும். விளக்கு எரிகிறதா, மைக் பேசுகிறதா என்று நேரில் கண்ட பிறகே அனுமதி தரட்டும்.

வேலை தெரிந்தவர்களுக்கும் தங்கவயலில் பஞ்சமில்லை. சுரங்கத்தில் மின்வேலை பார்த்த பெரியவர்களும், இன்று பெங்களூர்த் தொழிற்சாலைகளில் அதே வேலை பார்க்கும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். வசூல் நோட்டோடு வாசலுக்கு வரும் விழாக் குழு, அவர்களிடம் யோசனையும் கேட்கலாம். பூமிக்கு அடியில் காத்த கட்டுப்பாட்டை பூமிக்கு மேலும் காப்பது கடினமான காரியமா?