மஞ்சப்பை என்றால் மட்டமா?



'சுற்றுச்சூழலைக் காப்போம்' என்று எழுதாத சுவர் நம் ஊரில் இல்லை. ஆண்டுதோறும் ஜூன் 5 வந்தால் பேரணி, கோஷம், உறுதிமொழி எல்லாம் உண்டு. பேரணி முடிந்த இடத்தைப் போய்ப் பாருங்கள். டீ குடித்த பேப்பர் கப் குவிந்து கிடக்கும்!

குப்பையைக் குறைக்க என்ன செய்ய வேண்டும் என்பது தெரியாதவர் யாருமில்லை. துணிப்பை, தூக்குவாளி, எவர்சில்வர் டம்ளர் எல்லாம் நம் வீட்டிலேயே இருக்கின்றன. ஆனால் அவற்றைக் கையில் பிடித்துக்கொண்டு நாலு பேர் நடுவில் நடக்க வெட்கமாக இருக்கிறது. முதலில் கூட்டித் தள்ள வேண்டிய குப்பை அந்த வெட்கம்தான் என்பது என் தாழ்மையான கருத்து.

கல்யாண வீட்டில் தாம்பூலத்தோடு கொடுத்த மஞ்சப்பை, பிறகு எப்படிக் கேலிப்பொருள் ஆனது? சினிமாவில் பட்டிக்காட்டான் பஸ்சை விட்டு இறங்கினால் அவன் கக்கத்தில் ஒரு மஞ்சப்பை இருக்கும். உடனே தியேட்டரில் சிரிப்பு! நான் மினி டிராஃப்டரையும் டிராயிங் ஷீட்டையும் மஞ்சப்பையில்தான் கொண்டு வருகிறேன். "என்னடா, ஊர்லேர்ந்து நேரா வர்றியா?" என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. ஆமாம், ஊரிலிருந்துதான் வருகிறேன். அதிலென்ன குறைச்சல்?

எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான். அம்மாவே சொல்கிறார்: "படிக்கிற புள்ள நீ, நல்ல கவர்ல கொண்டு போப்பா. பாக்குறவங்க என்ன நெனப்பாங்க?" இது எங்கள் அம்மா மட்டும் சொல்வதல்ல. முதல் தலைமுறையாகப் படிக்க வரும் பல வீடுகளில் இதே பேச்சுதான். தூக்கி எறிவது வசதியின் அடையாளம், கழுவி வைப்பது ஏழ்மையின் அடையாளம் என்று யாரோ நமக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள்.

என் அப்பா கட்டட வேலைக்குப் போகிறவர். தூக்குவாளியில் சோறு கொண்டு போவார். சாப்பிட்டதும் கழுவி எடுத்து வருவார். அவர் உட்கார்ந்து சாப்பிட்ட இடத்தில் ஒரு துண்டுக் காகிதம் கிடக்காது. சாம்பாருக்கு ஒரு கவர், சட்னிக்கு ஒரு கவர், எல்லாவற்றையும் போட ஒரு பெரிய கவர் என்று பார்சல் வாங்குபவர் முன்னேறியவர், என் அப்பா பின்தங்கியவர் என்றால், அந்தக் கணக்கில் எங்கேயோ தப்பு இருக்கிறது நண்பர்களே!

சட்டம் இல்லாமல் இல்லை. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை வந்தது. உள்ளே பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் அந்தப் பட்டியலில் உண்டு. பேப்பர் என்பதால் மக்கிவிடும் என்று நினைக்கிறோம். உள்ளே பூசிய பிளாஸ்டிக் மக்குவதில்லை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தை அரசே தொடங்கியது. சட்டம் கடைக்காரரின் கையைப் பிடிக்கலாம். "அண்ணே, ஒரு கவர் குடுங்க" என்று கேட்கும் நம் வாயை யார் பிடிப்பது? எங்கள் தெரு மளிகைக் கடை அண்ணாச்சி சொன்னார்: "கவர் இல்லேன்னா அடுத்த கடைக்குப் போயிடுறாங்க தம்பி. நான் என்ன செய்ய?"

சரி, வீட்டில் என்ன மாற்றலாம்? காசு செலவழித்து எதையும் வாங்க வேண்டாம். பாத்திரம் தேய்க்கும் பிளாஸ்டிக் நாருக்குப் பதில் தேங்காய் நார் அல்லது முற்றிய பீர்க்கங்காய்க் கூடு. மேஜை துடைக்க டிஷ்யூவுக்குப் பதில் பழைய பனியன் துணி. இட்லி மாவு வாங்கப் போகும்போது ஒரு தூக்கு, கறி மீன் வாங்கப் போகும்போது ஒரு டப்பா. பால் கவரின் மூலையை முழுதாக நறுக்கி எறியாமல், ஒட்டியபடி விட்டு வெட்டினால் அந்தச் சின்னத் துண்டு சாக்கடைக்குப் போகாது. கவரைக் கழுவிக் காயவைத்தால் பழைய பேப்பர் கடையில் போடலாம். துணிப்பை நல்லது என்பதற்காகப் பத்துப் பை வாங்கி அடுக்குவதும் வீண்தான். பருத்தி விளையவும் தண்ணீர் வேண்டும். ஒரே பையைக் கிழியும்வரை தூக்குவதில்தான் லாபம்.

அடுத்தது பிரித்துப் போடுவது. மெக்கானிக்கல் மாணவர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. மெஷின் ஷாப்பில் இரும்புச் சீவலோடு அலுமினியச் சீவலைக் கலந்துவிட்டால் பழைய இரும்புக்காரர் விலையைக் குறைத்துவிடுவார். பிரிந்து கிடந்தால் சரக்கு, கலந்துவிட்டால் கழிவு! வீட்டிலும் அதே விதிதான். பழைய சோற்றோடு சேர்த்துக் கட்டிய பேப்பரை யார் வாங்குவார்? அதைத் தூய்மைப் பணியாளர் வெறுங்கையால் கிளற வேண்டியிருக்கிறது. உடைந்த கண்ணாடி எந்தப் பைக்குள் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது.

கலந்த குப்பை கிடங்குக்குப் போனால், காற்றுப் புகாத அடி மட்டத்தில் ஈரக் கழிவு அழுகி மீத்தேன் வாயு உண்டாகிறது. அது எரியக்கூடிய வாயு. 2022 ஏப்ரலில் சென்னை பெருங்குடியிலும், 2024 ஏப்ரலில் கோவை வெள்ளலூரிலும் குப்பைக் கிடங்குகள் தீப்பிடித்துப் புகைந்ததைப் பார்த்தோம். புகையைச் சுவாசித்தவர்கள் அக்கம்பக்கத்துச் சனங்கள். ஈரக் கழிவை வீட்டிலேயே நிறுத்திவிட்டால் கிடங்குக்குப் போகும் சுமை பெருமளவு குறையும். ஓட்டை போட்ட பழைய பானை போதும். காய்கறித் தோல் ஒரு பங்கு, காய்ந்த இலை இரண்டு பங்கு போட்டு, கொஞ்சம் புளித்த மோர் தெளித்து, அவ்வப்போது கிளறிவிட்டால் இரண்டு மூன்று மாதத்தில் எரு. நாற்றம் அடித்தால் ஈரம் கூடிவிட்டது என்று அர்த்தம். இன்னும் இரண்டு கை சருகு போடுங்கள்.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்ல வேண்டும். "ஷாம்பு பாக்கெட் வாங்காதே, பெரிய பாட்டிலாக வாங்கு" என்று உபதேசம் செய்வது சுலபம். அன்றாடக் கூலி வாங்கும் வீட்டில் மொத்தமாக வாங்கப் பணம் ஏது? அந்தப் பாக்கெட்டில் பிளாஸ்டிக்கும் வேறு பூச்சும் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதால் பழைய பேப்பர் கடையிலும் எடுப்பதில்லை. தயாரித்து விற்பவரை விட்டுவிட்டு, இரண்டு ரூபாய் கொடுத்து வாங்குபவரைத் திட்டுவது நியாயமா? 2022-ல் நீலகிரியில் காலி மதுபாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் திரும்பத் தரும் திட்டம் வந்தது. பிறகு வேறு மாவட்டங்களுக்கும் போனது. பாட்டிலுக்குச் செய்ததைப் பாக்கெட்டுக்கும் செய்யச் சொல்லிக் கேட்போம். சொந்தப் பாட்டில் கொண்டுபோனால் எண்ணெயும் ஷாம்பும் அளந்து ஊற்றும் கடைகளைக் கேட்போம். மாணவர் சங்கம் கேட்க வேண்டிய கேள்வி இது.

இன்னொன்று. தூக்கைக் கழுவுவது, பையைத் துவைப்பது, பானையைக் கிளறுவது எல்லாம் அம்மா தலையிலும் அக்கா தலையிலும் விழுந்தால் அதற்குப் பெயர் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அல்ல, வேலையைத் தள்ளிவிடுவது. ஆம்பளைப் பசங்களும் கழுவட்டும்! வொர்க்‌ஷாப்பில் ஃபைல் பிடிக்கும் கைக்குப் பாத்திரம் தேய்ப்பது பெரிய வித்தையா?

நம் கல்லூரியிலிருந்தே தொடங்குவோம். கேன்டீனில் எவர்சில்வர் டம்ளர் வேண்டும் என்று சங்கத்தின் மூலம் மனு கொடுப்போம். சங்க விழாக்களில் பேப்பர் கப்பும் பிளாஸ்டிக் தட்டும் இனி வேண்டாம். வாழை இலை போடுவோம். ஒவ்வொரு வகுப்பிலும் இரண்டு தொட்டி வைப்போம். பிரித்துப் போடுவது நம் வேலை என்று எழுதி ஒட்டுவோம்.

அடுத்த ஆண்டு நம் கல்லூரிக்கு, என்னைப் போலவே வீட்டில் முதல் ஆளாக ஒரு தம்பியோ தங்கையோ மஞ்சப்பையோடு வந்து நிற்கலாம். அவர்களைப் பார்த்துச் சிரிக்க இங்கே ஒருவர்கூட இருக்கக் கூடாது. "பை நல்லாருக்கே, எங்க வாங்குன?" என்று கேட்கும் மாணவர் கூட்டமாக நாம் இருப்போம்.

படித்தவன் பையை மறைக்க வேண்டாம். படித்தவன் பையைத் தூக்கட்டும், ஊர் பின்னால் வரும்!